ஓட்டு வீட்டுப் பரணில் வௌவால் தடயம் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் காப்பி அறுவடை முடிந்ததும் கூரை வேலை தொடங்கும். ஜனவரி கடைசியிலிருந்து கோடை மழை பிடிக்கும்வரை பழைய எஸ்டேட் பங்களாக்களில் ஓடு பிரிப்பார்கள், ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய குறுக்குச் சட்டம்) மாற்றுவார்கள், சீலிங் பலகை கழற்றுவார்கள். அந்த வேலைக்கு முன்னால் கூரைக்குள் வௌவால் தங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். சில வருடங்களாக அந்த வேலையைச் செய்து வருகிறேன். புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவர்களையும் கூடவே அழைத்துப் போகிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் முதல் தவறு ஒன்றுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் ஏணி எங்கே என்று கேட்கிறார்கள். நேராகப் பரணில் ஏறி, டார்ச்சை மேலே அடித்து, தலைகீழாக எதுவும் தொங்கவில்லை என்றால் "இங்கே வௌவால் இல்லை" என்று இறங்கிவிடுகிறார்கள். வீட்டுக்குள் வாழும் சின்ன வௌவால்களில் பல கண்ணில் படும்படி தொங்குவதே கிடையாது. ஓட்டுக்கும் கைமரத்துக்கும் (கூரையின் சாய்வான மரச்சட்டம்) நடுவில் சுண்டுவிரல் கனமுள்ள இடுக்கில் செருகிக்கொண்டு கிடக்கும். வௌவாலைத் தேடினால் கிடைக்காது, அது விட்டுப் போனதைத் தேட வேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு. ஏணி அந்த வரிசையில் ஐந்தாவதாகத்தான் வரும்.

பரண், அட்டாலி, மச்சு, சீலிங்குக்கு மேல் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். இங்கே நான் பரண் என்று சொல்வது, ஓட்டுக்கூரைக்கும் அதன் கீழுள்ள பலகை அல்லது சிமென்ட் தளத்துக்கும் இடையிலுள்ள இருட்டு இடம் முழுவதையும்.

1. போகும் முன்: யாரிடம் கேட்பது

வீட்டுக்காரரிடம் கேட்பதற்கு முன் காவல்காரரிடமும் சமையல் செய்பவரிடமும் கேளுங்கள். வீட்டுக்காரர் சேலத்தில் இருந்துகொண்டு மாதம் ஒரு முறை வருபவராக இருப்பார். அந்தி நேரத்தில் தினமும் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் கூரை தெரியும்.

"வௌவால் இருக்கா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். வீட்டில் வௌவால் இருப்பது நல்லதில்லை என்ற நினைப்பும் உண்டு, வீட்டைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற தயக்கமும் உண்டு. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "அம்மா, விளக்கு வைக்கிற நேரத்துல கூரையிலிருந்து ஏதாவது பறந்து போகுதா?" "காலையில வாசல் கூட்டும்போது எந்த இடத்துல கறுப்பு கறுப்பா அதிகமா கிடக்கும்?" நாகலூர்ப் பக்கம் ஒரு பாட்டி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. என் கையைப் பிடித்து அழைத்துப் போய், திண்ணையின் வடக்கு மூலையைக் காட்டினார். "சாமி, இந்த ஒரு முழத்தை மட்டும் நான் தினம் ரெண்டு தடவை கூட்டறேன்" என்றார். அந்த முழத்துக்கு நேர் மேலேதான் நுழைவு இடுக்கு இருந்தது.

மூன்று விவரங்களைக் கட்டாயம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசியாக எப்போது ஓடு மாற்றினார்கள், பரணில் பூச்சி மருந்தோ கரையான் மருந்தோ அடித்திருக்கிறார்களா, கடைசியாக எப்போது பரணைச் சுத்தம் செய்தார்கள். போன மாதம் கூட்டிய பரணில் தடயம் குறைவாக இருப்பதற்கும், பத்து வருடமாகக் கூட்டாத பரணில் குறைவாக இருப்பதற்கும் அர்த்தம் வேறு.

2. பையில் வேண்டியவை

என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை, தொப்பி, மூடிய செருப்பு அல்லது ஷூ. தலையில் மாட்டும் விளக்கு ஒன்று, கையில் பிடிக்கும் டார்ச் ஒன்று. ஒன்றின் பேட்டரி தீர்ந்தால் இருட்டில் பலகையைத் தேடி மிதிக்கும் நிலை வரக்கூடாது. நோட்டு, பென்சில், சாக்குக்கட்டி, ஐஸ் குச்சி நாலைந்து, ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் உறைகள், பழைய செய்தித்தாள், ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டி, போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் வைப்பதற்கு. அளவு தெரியாத புழுக்கைப் படத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

முகக்கவசத்தைக் கட்டாயம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காய்ந்த வௌவால் எச்சத்தில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரலாம். மிதிக்கும்போது எழும் தூசியோடு அது நுரையீரலுக்குள் போனால் நோய் வரும். கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது, அந்தத் தூசி அதைத் தாண்டிப் போகும்.

தனியாகப் போகாதீர்கள். ஏணியைப் பிடிக்க ஒருவர், மேலே ஒருவர். சீலிங் பலகை உடைந்து கால் உள்ளே போனால் கூப்பிடக் கீழே ஆள் வேண்டும்.

3. முதலில் வெளியே, பகலில் ஒரு சுற்று

வீட்டைச் சுற்றி மெதுவாக நடக்கத் தொடங்குங்கள். அரை மணி நேரமாவது ஆக வேண்டும். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டால் எதையோ பார்க்கவில்லை என்று அர்த்தம்.

முதல் சுற்றில் தரையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் மட்டும் பாருங்கள். ஜன்னல் திட்டு, படிக்கட்டு, சன்ஷேடின் மேற்புறம், செடி இலைகள், நிறுத்திவைத்த வண்டியின் கூரை. புழுக்கை விழுந்தால் அங்கேதான் தங்கியிருக்கும். மழை பெய்த மறுநாள் போவதில் பயனில்லை, எல்லாம் கழுவிப் போயிருக்கும். இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு போங்கள்.

இரண்டாவது சுற்றில் கண்ணை மேலே கொண்டுபோங்கள். மோட்டு ஓட்டுக்கு அடியில் சுண்ணாம்புக் கலவை உதிர்ந்த இடங்கள், தாவாரத்தில் சுவரும் மரமும் சேரும் விளிம்பு, கூரையின் இரு பக்கமும் முக்கோணமாக எழும் சுவரின் உச்சி, உடைந்த காற்றுவழி, பயன்படுத்தாத புகைக்கூண்டு. ஏற்காட்டுப் பங்களாக்களில் குளிருக்குத் தீ மூட்டிய பழைய கணப்புகள் நிறைய உண்டு. இப்போது தீ மூட்டாததால் அவற்றின் குழாயும் ஒரு நல்ல தங்குமிடம்.

சின்ன வௌவாலுக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி போதும். "இவ்வளவு சின்ன ஓட்டையில் எப்படிப் போகும்" என்று புதியவர்கள் ஒதுக்கிவிடும் இடங்கள்தான் பெரும்பாலும் வாசலாக இருக்கும்.

எந்த இடுக்கு பயன்பாட்டில் இருக்கிறது என்று அறிய இரண்டு அடையாளம். ஒன்று, சிலந்தி வலை. பக்கத்து இடுக்குகளிலெல்லாம் வலை பின்னியிருக்க, ஒன்றில் மட்டும் வலை இல்லாமல் விளிம்பு சுத்தமாக இருந்தால் அது தினமும் யாரோ போய்வரும் வழி. இரண்டு, கறை. வௌவாலின் ரோமத்திலுள்ள எண்ணெய்ப் பசை, உரசி உரசி விளிம்பில் பழுப்பாக ஏறும். கதவுப் பிடியைச் சுற்றிக் கைபட்டு மினுங்குவதுபோல இருக்கும். அதற்குக் கீழே சுவரில் சின்னச் சின்னதாகப் புழுக்கை ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். எலிப் புழுக்கை செங்குத்துச் சுவரில் ஒட்டி நிற்காது.

சேலத்து வீடுகளில் இந்தச் சுற்று கொஞ்சம் மாறும். செவ்வாய்ப்பேட்டையில் பழைய ஓட்டுக் கடைகள் என்றால் மேலே சொன்னதே. கான்கிரீட் வீடு என்றால் பரணைவிடச் சன்ஷேட் வெடிப்பு, இரண்டு கட்டடம் ஒட்டும் இடைவெளி, கடையின் பெயர்ப்பலகைக்குப் பின்புறம், ஷட்டர் சுருளும் பெட்டி ஆகியவற்றைப் பாருங்கள். சமவெளியில் தகரக் கூரைக்கு அடியில் கோடைப் பகலில் அனல் தாங்காது. அதே தகரம் மலைமேல் குளிர்காலத்தில் இதமாக இருக்கும். ஒரே பொருள் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வேலை செய்கிறது, அதனால் சேலத்தில் கற்றதை அப்படியே மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

4. அந்தியில் உட்கார்ந்து எண்ணுவது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடப் பார்க்கிறார்கள். எனக்கோ, ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்வேன்.

சூரியன் மறைய கால் மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிடுங்கள். சேலத்தில் நவம்பரில் 5.50 வாக்கில் மறையும், ஜூன் கடைசியில் 6.45 ஆகிவிடும். மறைந்த பிறகு ஒரு மணி நேரம் இருங்கள். சின்ன வௌவால்கள் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பும். பெரிய காது கொண்ட, தவளையும் எலியும் பிடிக்கும் இனம் நன்றாக இருட்டிய பிறகே வரும். அரை மணி நேரத்தில் எழுந்து போனால் அதைத் தவறவிடுவீர்கள்.

உட்காரும் இடம் முக்கியம். கூரையின் விளிம்பு வெளிறிய வானத்தின் முன் கறுப்பாகத் தெரிய வேண்டும், அதனால் முடிந்தவரை மேற்கு பார்த்து உட்காருங்கள். மரத்தின் பின்னணியில் பார்த்தால் எதுவும் தெரியாது. சில்வர் ஓக் சூழ்ந்த பங்களாக்களில் இது சிரமம்தான். அப்போது பகலில் குறித்த இடுக்குக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி நின்று மேல்நோக்கிப் பாருங்கள்.

இரண்டு பேர் என்றால் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தால் நாலு பக்கமும் கண்ணுக்குள் வரும். டார்ச் அடிக்காதீர்கள், போன் பார்க்காதீர்கள். வெளிச்சம் பட்டால் அவை கிளம்பத் தாமதிக்கும், உங்கள் கண்ணுக்கும் இருட்டுப் பழகாது. நோட்டில் வெளியே போவதற்கு ஒரு கோடு, உள்ளே வருவதற்கு ஒரு கோடு போடுங்கள். கடைசியில் கழித்துக்கொள்ளலாம். வெளியே போனதை மட்டும் எண்ணினால், சுற்றிவிட்டு மறுபடி நுழைந்து மறுபடி கிளம்பியதெல்லாம் சேர்ந்து எண்ணிக்கை பெருத்துவிடும்.

அந்தியில் கூரையைச் சுற்றிப் பறப்பதெல்லாம் வௌவாலும் இல்லை. உழவாரக் குருவிகளும் அதே நேரம், அதே உயரத்தில் பறக்கும். அவற்றின் இறக்கை அரிவாள்போல வளைந்து விறைப்பாக இருக்கும், இடையிடையே சிறகடிக்காமல் வழுக்கிப் போகும். வௌவால் ஓயாமல் படபடக்கும், நேர்கோட்டில் போகாது. அரை மணி நேரம் உன்னிப்பாகப் பார்த்தால் பிறகு குழப்பம் வராது.

மழை, பலத்த காற்று, ஏற்காட்டின் அடர்பனி உள்ள மாலைகளில் எண்ணாதீர்கள். பூச்சி பறக்காத மாலையில் வௌவாலும் கிளம்பாமல் இருக்கலாம். அன்றைக்குப் பூஜ்யம் என்று எழுதினால் அது பொய்யான பூஜ்யம்.

முடிந்தால் மறுநாள் விடியும் முன்பும் ஒருமுறை வந்து நில்லுங்கள். திரும்பி வருகிறவை உள்ளே நுழையும் முன் வாசலைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். மாலையில் சட்டென்று நழுவிப் போன இடத்தை விடியலில் தெளிவாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

5. பரண் வாயில் இரண்டு நிமிடம்

சரி, இப்போது ஏணி.

காலை எட்டிலிருந்து பத்துக்குள் ஏறுங்கள். சேலத்து வெயிலில் நண்பகலில் ஓட்டுக்கடியில் மனிதரால் நிற்க முடியாது. திறப்புப் பலகையை மெதுவாக நகர்த்தி, தலையை மட்டும் உள்ளே விட்டு, விளக்குப் போடாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வௌவால் இரை தேடும்போது எழுப்பும் ஒலி பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாது. ஆனால் தங்குமிடத்தில் ஒன்றோடொன்று நெருக்கும்போது கீச்கீச்சென்று சண்டையிடும் சத்தம் நன்றாகவே கேட்கும். வெயில் ஏற ஏற அது கூடும். தேனீ இரைச்சலோ, குளவி ரீங்காரமோ கேட்டால் அப்படியே இறங்கிவிடுங்கள். வாசனையும் கவனியுங்கள். முகக்கவசத்தையும் மீறி மூக்கில் ஏறும் அமோனியா நெடி என்றால் பெரிய கூட்டம், அல்லது வெகுநாள் கூட்டம்.

6. உள்ளே: எங்கே மிதிப்பது, எதை முதலில் பார்ப்பது

உத்தரத்தின் மேலும், பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேலும் மட்டும் கால் வையுங்கள். சீலிங் பலகை ஆள் எடையைத் தாங்காது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதன் மேல் எந்தக் காரணத்துக்கும் ஏறாதீர்கள். பழைய மின்கம்பிகளின் உறையை எலி கடித்திருக்கும், அதனால் கம்பி எதையும் தொடாதீர்கள். கையை வைக்கும் முன் அந்த இடத்தில் விளக்கு அடியுங்கள், தேளும் பாம்பும் பரணில் சகஜம்.

விளக்கைக் கீழேயிருந்து மேலே கொண்டுபோங்கள்: முதலில் தரை, அப்புறம் சுவர், அப்புறம் கைமரம், கடைசியாகக் கூரையின் உச்சியான மோட்டுவளை. தரையில் புதுப் புழுக்கைக் குவியல் கண்ணில் பட்டாலே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மேலே விளக்கடித்து உறங்குகிறவற்றை எழுப்ப வேண்டிய தேவையே வராமல் போகலாம். மேலே அடித்தே ஆக வேண்டும் என்றால் ஓரிரு விநாடி, நேராக முகத்தில் படாமல்.

கண்ணாடி ஓடு பதித்த இடத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம், வெளிச்சம் விழும் பகுதியை அவை தவிர்க்கும். சமையல் புகை ஏறும் பக்கமும் அப்படியே. இருட்டான, காற்று இழுக்காத பக்கத்தின் மோட்டுவளைக்கு நேர் கீழே, கைமரம் சுவரில் உட்காரும் இடத்தில், மரச்சட்டம் இரண்டு சேரும் மூட்டுகளில் தேடுங்கள்.

பத்து நிமிடம் போதும். குட்டியோடு கூட்டம் தெரிந்தால் ஒரு நிமிடம்கூட வேண்டாம், வந்த வழியே மெதுவாக இறங்குங்கள். கலைந்தால் தாயைப் பற்றியிருக்கும் குட்டி கீழே விழுந்துவிடும். விழுந்த குட்டி பெரும்பாலும் பிழைக்காது.

7. புழுக்கையைப் பிரித்தறிவது

தடயங்களில் இதுதான் தலையாயது, தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான். கூரைக்குள் வௌவால் மட்டுமா இருக்கிறது? எலி, பல்லி, கரப்பான், மரநாய், கூகை எல்லாம் குடியிருக்கும்.

பூச்சி தின்னும் சின்ன வௌவாலின் புழுக்கை சீரகம் அளவில் இருக்கும், கறுப்பு அல்லது கரும்பழுப்பு. பெரிய இனம் என்றால் நெல்மணி அளவுக்குப் போகும். பார்ப்பதற்கு எலிக்குஞ்சின் புழுக்கை மாதிரியே இருப்பதால் கண்ணை நம்பாதீர்கள். ஒன்றை எடுத்துத் தாளில் வைத்து, தாளை மடித்து, மேலே ஐஸ் குச்சியால் லேசாக அழுத்துங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுவென்று பூச்சியின் இறக்கை, ஓட்டுத் துண்டுகள் தெரிந்தால் வௌவால். உதிராமல் கல்போல நின்றாலோ, நசுங்கி அப்பினாலோ எலி. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். முகத்துக்கு அருகில் கொண்டுபோவதும் வேண்டாம்.

பல்லி எச்சமும் பூச்சி தின்பதால் உதிரும். அதுதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. ஆனால் பல்லி எச்சத்தின் ஒரு நுனியில் சுண்ணாம்புபோல வெள்ளைத் துளி ஒட்டியிருக்கும். வௌவாலுக்கு அது இல்லை. பத்துப் பதினைந்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டில் வெள்ளை உதிர்ந்து போயிருக்கலாம், எல்லாவற்றிலும் உதிராது.

கிடக்கும் விதமும் பேசும். எலி போகிற வழியெல்லாம் சிதறவிடும், சுவரோரமாக அதிகம். வௌவால் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே குவியும், அல்லது மோட்டுவளைக்குக் கீழே நீளக் கோடாக விழும்.

ஏற்காட்டில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது மரநாய். சீலிங்கில் தடதடவென்று ஓடும் சத்தமும், பலகையில் பெரிய மஞ்சள் கறையும் இருந்தால் வீட்டுக்காரர் "வௌவால் தொல்லை" என்று சொல்லிவிடுவார். மேலே போய்ப் பார்த்தால் விரல் கனத்தில் எச்சம், அதற்குள் முழுசு முழுசாகக் காப்பிக் கொட்டை. அது மரநாயின் வேலை. எந்த வௌவாலும் காப்பிக் கொட்டையை முழுசாக விழுங்கி வெளியே விடாது.

ரோமமும் சின்ன எலும்புகளும் சேர்ந்து உருண்டையாகக் கிடந்தால் கூகை கக்கியது. பக்கத்தில் வெள்ளையாக வழிந்த பெரிய எச்சக்கோடு இருக்கும். உருண்டையைத் தூக்கி எறியாதீர்கள், தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பரணில் கூகை இருக்கிறது என்பதும் ஒரு தகவல்தானே.

8. தின்று போட்ட மிச்சம்

திண்ணையிலோ போர்ட்டிகோவிலோ ஒரே இடத்தில் விட்டில் இறக்கை, வெட்டுக்கிளிக் கால், தவளையின் கால், பல்லி வால், சில நேரம் குருவி இறகு குவிந்திருந்தால் அது பெரிய காது வௌவாலின் சாப்பாட்டு இடம். இரையைப் பிடித்துக்கொண்டு வந்து ஒரே கொக்கியில் தொங்கித் தின்னும் பழக்கம் அதற்கு.

சப்பித் துப்பிய நார் உருண்டை, கொய்யா விதை, கடித்துப் போட்ட வாதுமைக் காய், சுவரில் சிதறிய பழுப்புக் கறை என்றால் பழந்தின்னி. அது பழத்தைச் சப்பிச் சாற்றை விழுங்கி நாரைத் துப்பிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாப்பாட்டு இடம் வேறு, பகலில் உறங்கும் இடம் வேறு. சின்னப் பழந்தின்னி பெரும்பாலும் பனை ஓலை மடிப்பிலும் மரங்களிலும்தான் உறங்கும். இரவில் மட்டும் உங்கள் திண்ணைக்குப் பழத்தோடு வரும். திண்ணையில் நார் கிடக்கிறது என்பதற்காகப் "பரணில் தங்குகிறது" என்று எழுதிவிடாதீர்கள். குறிப்பில் "இரவுத் தங்கல்" என்று தனியாகப் போடுங்கள். கூரை வேலைக்கு முன் முடிவெடுக்க இந்த வேறுபாடுதான் தேவை. கடித்துப் போட்ட பழத்தை யாரும், குறிப்பாகக் குழந்தைகள், எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிபா வைரஸ் பழந்தின்னிகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் வரக்கூடியது.

9. நேரில் தென்பட்டால்

இனத்தின் பெயரை அங்கேயே முடிவுசெய்ய முயலாதீர்கள். தொங்கும் விதத்தை எழுதினால் போதும், தெரிந்தவர் அதை வைத்தே நெருங்கிவிடுவார். ஒன்றையொன்று தொடாமல் இடைவெளிவிட்டு, காலால் மட்டும் தொங்குகிறதா? இலைமூக்கு வௌவால்கள் அப்படி இருக்கும். வயிற்றைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, நெருங்கினால் நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்கிறதா? கல்லறை வௌவால் வகை. இடுக்கில் மூக்கு நுனி மட்டும் தெரிகிறதா? இடுக்கில் தங்கும் சின்ன வௌவால்கள். பெரிய காதுகள் நடுவில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறதா? தவளை பிடிக்கும் அந்தப் பெரிய காதுக்காரன்.

வெறுங்கையால் தொடாதீர்கள். தரையில் கிடப்பது நோயுற்றதாக இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வௌவால் கடித்தது என்று சொல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி பற்றி அவர்கள் முடிவுசெய்வார்கள். காயம் சின்னது என்று நாள் கடத்தாதீர்கள்.

10. தாள் விரித்து உறுதி செய்வது

பழைய புழுக்கை வருடக்கணக்கில் கிடக்கும். இப்போது தங்குகிறதா என்பதற்கு அது சான்றாகாது. சந்தேக இடத்துக்குக் கீழே செய்தித்தாளை விரித்து, நாலு மூலையிலும் ஓட்டுச் சில்லு வைத்து, தாளின் மேல் தேதியை எழுதிவிட்டு இறங்குங்கள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். தாளில் இருப்பதெல்லாம் புதுசு. ஐந்தாறு இடத்தில் விரித்தால் எந்த மூலையில் கூட்டம் என்பதும் தெரிந்துவிடும்.

பூச்சிக்கொல்லி மணமோ பினாயில் மணமோ உள்ள தாளை விரிக்காதீர்கள்.

11. எதுவும் கிடைக்காதபோது

ஒரு முறை பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதக் கூடாது. இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலைமேல் ஒரு பழைய வீட்டை ஜனவரிக் குளிரில், ஒரே காலையில் பார்த்து, வௌவால் இல்லை என்று சொன்னேன். ஏப்ரலில் ஓடு பிரித்தபோது மோட்டுவளை நெடுகத் தாயும் குட்டியுமாக இருந்தன. வெயிலில் கீழே விழுந்தவற்றைப் பொறுக்கி எடுத்த அந்த மதியம் இன்னும் மனதில் இருக்கிறது. குளிரில் வேறு எங்கோ தங்கியவை, வெயில் காலத்தில் குட்டி போடுவதற்காக அந்தச் சூடான ஓட்டுக்கடிக்கு வந்திருந்தன. நான் பார்த்த அன்று பழைய புழுக்கை கொஞ்சம் இருந்தது. எலி என்று நினைத்து நசுக்கிப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

அதிலிருந்து, குறைந்தது இரண்டு பருவத்தில் பார்க்காமல் "இல்லை" என்ற சொல்லை எழுதுவதில்லை. ஒருமுறைதான் பார்க்க முடிந்தது என்றால் "இந்தத் தேதியில், இந்த இடங்களில், தடயம் தென்படவில்லை" என்று எழுதுகிறேன். எட்ட முடியாத மூலைகளையும் பெயர் சொல்லிக் குறிக்கிறேன்.

12. இருக்கிறது என்று தெரிந்த பிறகு

கூரையின் படத்தைத் தாளில் வரைந்து, நுழைவு இடுக்கு, குவியல், கறை, எண்ணிக்கை எல்லாவற்றையும் தேதியோடு குறித்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள். வாயால் சொன்னது கொத்தனார் வரும் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. வெளிச்சுவரில் இடுக்குக்கு நேர் கீழே சாக்குக்கட்டியால் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு வருவதும் உதவும்.

மிளகாய்ப் புகை போடுவதோ, இடுக்கைச் சிமென்ட் வைத்து அடைப்பதோ கூடாது என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். உள்ளே அடைபட்டவை செத்து நாறும். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் குட்டிகள் பட்டினியில் சாகும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னிகள் முன்பு எலியோடும் காக்கையோடும் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் பழைய ஞாபகத்தில் யாரும் கை வைக்க வேண்டாம், வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

வேலையைத் தள்ளிப்போட முடிந்தால் குட்டிகள் பறக்கப் பழகும்வரை தள்ளிப்போடுவதே நல்லது. முடியாது என்றால் கூரையின் ஒரு பாதியில் மட்டும் வேலை, கூட்டம் இருக்கும் பாதி கடைசியில். குட்டி இல்லாத காலத்தில், வாசல் இடுக்கின் மேலும் பக்கவாட்டிலும் மட்டும் ஒட்டி, கீழ்ப்பக்கம் தளர்வாகத் தொங்கும்படி மெல்லிய வலை கட்டலாம். இரவில் வெளியே நழுவிப் போகும், திரும்பி உள்ளே நுழைய வழி தெரியாது. ஒரு வாரம் அப்படி விட்டு, மறுபடி அந்தியில் உட்கார்ந்து, ஒன்றும் வெளிவரவில்லை என்று இரண்டு மாலை எண்ணிப் பார்த்த பிறகுதான் ஓட்டில் கை வைக்க வேண்டும்.

பரணைச் சுத்தம் செய்பவர்களிடம், காய்ந்த குவியலைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது என்று சொல்லுங்கள். முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனைய விட்டு, முகக்கவசத்தோடு அள்ளிச் சாக்கில் கட்ட வேண்டும். அள்ளியதைக் காப்பிச் செடிக்குப் போடலாமா என்று எஸ்டேட்டில் கட்டாயம் கேட்பார்கள். நல்ல உரம்தான். நனைத்தபடியே குழியில் போட்டு மண் மூடி, மட்கிய பிறகு போடச் சொல்லுங்கள்.